அண்ணன் கொண்டு வரும் மாண்டிசோரி செட்: யாங்கோனில் இருக்கும் ஒரு தங்கைக்குப் பதில்

யாங்கோனில் தாம்வே பக்கம் இருக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார். வீட்டில் ஏழு மாத மகன், இரண்டரை வயது மகள். சென்னையிலிருந்து வரும் அண்ணன் 'மாண்டிசோரி செட்' ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்கிறாராம். விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. வாங்கலாமா, இல்லை இங்கேயே கிடைப்பதில் எதையாவது பார்த்து எடுக்கலாமா, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பது அவருடைய கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால், அந்த செட் வேண்டாம். அண்ணனிடம் சொல்ல வேண்டிய வேறு சில பொருள்கள் உண்டு, அதைக் கீழே எழுதுகிறேன். மீதி எல்லாமே யாங்கோனில் கிடைக்கும். பாதி உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது.

முதலில் பெயரைப் பற்றி. பெட்டியின் மேல் 'மாண்டிசோரி' என்று யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம், கடைக்கு வரும் முன் சரிபார்க்க ஆள் கிடையாது. பிள்ளைகள் தங்கள் கையால் செய்து கற்கும் இந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1929-இல் தொடங்கிய சர்வதேச அமைப்பு, பள்ளிக் கருவிகள் செய்யும் சில நிறுவனங்களுக்கு மட்டும் அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. அந்தக் கருவிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கும் வகுப்பறைக்காகச் செய்யப்பட்டவை. ஆன்லைனில் விற்கும் செட்டுகளில் பெரும்பாலானவை சாதாரண மரப் பொம்மைகள்தான். சிலது நன்றாகவே இருக்கும். ஆனால் நன்றாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பெயர் இல்லை.

அந்த அம்மையார் என்ன கண்டார் என்பதைத் தெரிந்துகொண்டால் கடையில் நிற்கும்போது குழப்பம் வராது. 1907 ஜனவரி 6-ஆம் தேதி ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைப் பகுதியில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவர் மருத்துவர். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் வெவ்வேறு அளவுள்ள உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகளைப் பாடச் சொன்னார்கள், அவளை நாற்காலியோடு தூக்கி மேஜை மேல் வைத்தார்கள். அவள் எதையும் கவனிக்கவில்லை. நாற்பது தடவைக்கு மேல் அதையே எடுத்து எடுத்துப் பொருத்தினாள். முடித்தபோது களைப்பு இல்லை, நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல் இருந்தாளாம். அதே இல்லத்தில் பணக்காரர்கள் கொடுத்த விலை உயர்ந்த பொம்மைகளும் இருந்தன. பிள்ளைகள் அவற்றைச் சீண்டவில்லை என்று மாண்டிசோரியே எழுதியிருக்கிறார்.

அந்த உருளைக் கட்டையில் என்ன இருந்தது என்று பாருங்கள். கைக்கு வேலை இருந்தது. உருளைகள் ஒரு விஷயத்தில் மட்டும், அதாவது அளவில் மட்டும், மாறின. நிறம், சத்தம், படம் என்று எதுவும் கலக்கவில்லை. தப்பாக வைத்தால் கடைசியில் ஒன்று மிஞ்சும், அம்மா வந்து 'தப்பு' என்று சொல்லத் தேவையில்லை. முடிவு என்று ஒன்று இருந்தது, எல்லாம் உள்ளே போனதும் வேலை முடிந்தது. பொம்மையை எடுத்ததும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: என் பிள்ளையின் கை இதில் என்ன செய்யும்? எத்தனை விஷயம் ஒரே நேரத்தில் கலந்திருக்கிறது? தப்பு செய்தால் பொருளே காட்டிக்கொடுக்குமா? பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் எனக்குக் கவலை இல்லை, இதற்குப் பதில் கிடைத்தால் வாங்குவேன்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. இது நமக்கு அந்நியமான சமாச்சாரம் இல்லை. 1939-இல் சென்னை அடையாறில் பிரம்மஞான சபை அழைத்து மாண்டிசோரி வந்தார், அப்போது அவருக்கு 69 வயது. உலகப் போரில் அவருடைய நாடான இத்தாலியும் இறங்கியதால் திரும்ப முடியாமல் போர் முடியும் வரை இந்தியாவிலேயே தங்கிவிட்டார். ரங்கூனில் குண்டு விழுந்து நம் ஆட்கள் ஆயிரமாயிரமாக அரக்கான், அஸ்ஸாம் வழியாக நடந்தே போன அந்த 1942-இல், அவர் கொடைக்கானலில் குழந்தைகளோடு வேலை செய்துகொண்டிருந்தார். பிறந்த குழந்தைகளைப் பற்றியும் முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றியும் அவர் விரிவாகப் பேசியதில் நிறைய அந்த இந்திய வருஷங்களில் சொன்னதுதான்.

சரி, அண்ணனுடைய செட்டுக்கு வருவோம். அதில் பெரும்பாலும் இளஞ்சிவப்புக் கோபுரம் இருக்கும். ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை பத்துக் கனசதுரங்கள். அழகான கருவி, வகுப்பறையில் மூன்று வயதை ஒட்டிய பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். ஆனால் ஏழு மாதக் குழந்தை தவழப் போகும் வீட்டில் ஒரு சென்டிமீட்டர் கட்டை தொண்டையில் சிக்கும் பொருள். வகுப்பறைக் கருவிகளை வீட்டில் வாங்கி வைத்தால் பள்ளிக்குப் போகும்போது அவற்றில் புதுமையும் இருக்காது. அளவு வரிசையைக் கை பழக வேண்டுமா, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர் டப்பாக்கள் போதும். டிபன் கேரியரைக் கழற்றி அடுக்கச் சொல்லுங்கள். இரண்டரை வயதுக்கு அது பெரிய வேலை. சரியாக அடுக்காவிட்டால் கேரியரே பூட்டாது.

அண்ணன் கொண்டு வரட்டும் என்று நான் சொல்வது: நல்ல தமிழ்ப் படப் புத்தகங்கள், அதிலும் சின்னவனுக்குக் கெட்டி அட்டைப் புத்தகங்கள். இங்கே அதுதான் கிடைப்பதில்லை. அப்புறம் ஒரு மர நடைவண்டி. பெட்டியில் இடம் இருந்தால், உண்மையான மிருகம்போலவே செய்த சில ரப்பர் உருவங்கள். மாட்டுக்கு மாட்டின் நிறம், யானைக்குத் தந்தம். இந்த வயதில் பிள்ளை உலகத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் இருக்கிறது. கண்ணாடி போட்ட ஊதா நிற யானை பெரியவர்களுக்குத்தான் வேடிக்கை.

நடைவண்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சக்கரம் வைத்து நடுவில் குழந்தையை உட்கார வைக்கும் வாக்கர் இங்கே எல்லாக் கடையிலும் தொங்குகிறது. தயவுசெய்து வாங்காதீர்கள். யாராவது பரிசாகக் கொடுத்தாலும் சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை. அது நடக்கச் சீக்கிரம் கற்றுக்கொடுப்பதில்லை. குழந்தை தன் பாதத்தைப் பார்க்காமல், தன் எடையைத் தாங்காமல் விரல் நுனியில் உந்திப் போகப் பழகுகிறது. அந்த வேகத்தில் படிக்கட்டில் உருண்டு விழுகிற விபத்துகள்தான் தடைக்குக் காரணம். யாங்கோனில் நம்மில் பலர் இருப்பது செங்குத்தான படிக்கட்டு உள்ள பழைய கட்டடங்களில். நம் நடைவண்டியில் பிள்ளை தானாக எழுந்து, கைப்பிடியைப் பிடித்து, தன் காலால் தள்ளி நடக்க வேண்டும். விழுந்தால் தரையில் உட்காரும், அவ்வளவுதான். மாண்டிசோரி இல்லங்களில் இதே வேலைக்குத் தள்ளும் வண்டி வைத்திருக்கிறார்கள். வண்டி மிக லேசாக இருந்தால் ஓடிப்போகும், அடிக்கட்டையில் கொஞ்சம் கனம் இருக்கட்டும். இதெல்லாம் மகன் தானாகப் பிடித்து எழுந்து நின்ற பிறகுதான். இப்போது நிற்க வைத்துப் பழக்க வேண்டாம்.

இப்போது ஏழு மாதத்துக்காரன். அவனுக்கு என்ன பொம்மை வாங்குவது என்று யோசிக்கும் முன், தரையில் ஒரு பாய் விரித்து அவனை விடுங்கள். அவன் கை என்ன செய்கிறது என்று கொஞ்ச நேரம் பேசாமல் பாருங்கள். உள்ளங்கையால் அள்ளுவான், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவான், வாயில் வைப்பான், தட்டுவான். இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுக்க ஆரம்பிக்கும். ஆக இப்போது வேண்டியது, பிடிக்க எளிதானதும் வாயில் வைத்தாலும் பயமில்லாததும்.

இந்த இடத்தில் பர்மாவில் இருக்கும் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். சின்லோன் பந்து. பிரம்பில் பின்னிய அந்தப் பந்தைவிடக் குழந்தைக்கு ஏற்ற பந்தை நான் பார்த்ததில்லை. கனமே இல்லை. ஓட்டைகள் வழியே விரல் நுழைந்து பிடித்துக்கொள்ளும். உருட்டினால் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும், தவழும் பிள்ளை துரத்திப் பிடிக்கத் தோதான தூரம். வார்னிஷ் பூசாததாக எடுங்கள். பிரம்பு எங்காவது உடைந்து சிம்பு நீட்டுகிறதா என்று வாரம் ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள். சிம்பு வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

அதோடு ஒரு தாழ்ந்த மூங்கில் கூடையில் வீட்டுச் சாமான்கள் சில: மரக்கரண்டி, எவர்சில்வர் தம்ளர், பருத்தித் துணி ஒரு துண்டு, சுத்தமான தேங்காய்ச் சிரட்டை ஒன்று ஓரம் வழவழப்பாகத் தேய்த்தது. பிளாஸ்டிக் பொம்மை எல்லாம் ஒரே எடை, ஒரே வழவழப்பு, ஒரே வாசனை. எவர்சில்வர் குளிர்ச்சியாக இருக்கும், சிரட்டை சொரசொரக்கும். நாக்கும் கையும் அந்த வித்தியாசத்தில்தான் படிக்கின்றன. நம் ஊர்ப் பனையோலைக் கிலுகிலுப்பையும் நல்லதுதான், ஆனால் உள்ளே இருக்கும் கல்லோ விதையோ வெளியே வராத அளவுக்குப் பின்னல் இறுக்கமாக இருந்தால் மட்டும்.

எட்டு மாதம் தாண்டியதும் மறைந்த பொருள் இன்னும் இருக்கிறது என்பது அவனுக்குப் பிடிபடும். முகத்தைத் துணியால் மூடித் திறக்கும் விளையாட்டுக்கு அவன் அப்படிச் சிரிப்பது அதனால்தான். இதற்கென்று ஒரு பெட்டி உண்டு: மேலே வட்ட ஓட்டை, உள்ளே பந்தைப் போட்டால் பக்கத்தில் உள்ள தட்டில் உருண்டு வெளியே வரும். கடையில் வாங்க வேண்டாம். தெருவில் இருக்கும் ஆசாரியிடம் தேக்குத் துண்டில் செய்யச் சொல்லுங்கள். வெட்டி மிச்சமான துண்டுகளே போதும். ஓரங்கள் உருட்டித் தேய்த்திருக்க வேண்டும், பெயிண்ட் வேண்டாம். பந்தின் குறுக்களவு ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. 4.4 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள பந்து சின்னக் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்பதால், அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அதை விற்கக் கூடாது என்றே விதி இருக்கிறது.

மற்றச் சின்னப் பொருள்களுக்கும் அளவு உண்டு. பொம்மைகளைச் சோதிக்கும் குழாயின் குறுக்களவு 3.17 சென்டிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கும் எதையும் மூன்று வயது வரை கொடுக்கக் கூடாது. வீட்டில் டிஷ்யூ ரோலின் உள்ளே இருக்கும் அட்டைக் குழாய் இதைவிடக் கொஞ்சம் அகலம். அதை வைத்துச் சோதித்தால் இன்னும் பத்திரம். அதற்குள் நுழைந்தால் சின்னவன் கைக்கு எட்டக் கூடாது. கயிறு கட்டிய பொம்மையில் கயிறு ஒரு சாணுக்குள் இருக்கட்டும். தொட்டிலுக்கு மேல் தொங்கவிடும் அலங்காரம் இருந்தால், அவன் கையூன்றி எழும் வயது வந்துவிட்டதால் அதை இன்றே கழற்றிவிடுங்கள்.

மகளுக்கு வருகிறேன். இரண்டரை வயதுக்கு மிகச் சிறந்த மாண்டிசோரி பொம்மை, பொம்மையே இல்லை. வேலைதான். நீங்கள் செய்வதைத் தானும் செய்ய வேண்டும் என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் அல்லவா, அதற்கு இடம் கொடுங்கள். சின்னக் கூஜாவிலிருந்து தம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவது. அத்தோ நூடுல்ஸ் கலக்கும்போது பாதி எலுமிச்சையைப் பிழிவது. வேகவைத்த முட்டையை உரிப்பது. கீரை ஆய்வது. மொய்ங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸுக்கு மேலே மல்லித்தழையைக் கிள்ளிப் போடுவது. சின்னத் துடைப்பம், அவள் கைக்குள் அடங்கும் துணி. தண்ணீர் சிந்தும். சிந்தினால் துடைக்கத் துணி எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டால் அதுவும் ஒரு வேலையாகிவிடும்.

காட்டிக்கொடுக்கும்போது மெதுவாகச் செய்யுங்கள், வாயை மூடிக்கொண்டு செய்யுங்கள். கையையும் பேச்சையும் ஒரே நேரத்தில் கவனிக்க அவளுக்குக் கஷ்டம். அவள் செய்யும்போது 'இப்படி இல்லம்மா' என்று கையைப் பிடுங்காதீர்கள். இது நம் வீடுகளில் அப்பத்தாக்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம், பாசத்தில் செய்வது. அவர்களிடம் 'இவளே முடிக்கட்டும் அப்பத்தா, நீங்க பக்கத்துல உட்கார்ந்து பாருங்க' என்று சொல்லிப் பாருங்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தால் அவர்களுக்கும் திருப்தி.

செப்புச்சாமான் வைத்து விளையாடுவது தப்பா என்று சிலர் கேட்பார்கள். தப்பே இல்லை. ஆனால் நிஜ அடுப்படியில் நிஜ வெண்டைக்காயை மொட்டைக் கத்தியால் வெட்டக் கிடைத்த பிள்ளை, விளையாட்டு வெண்டைக்காயை எவ்வளவு நேரம் வைத்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரித்து வைக்கும் விளையாட்டுக்கு இந்த நாட்டில் பயறு வகைக்குக் குறைவே இல்லை. மகளுக்கு மூன்று வயது ஆனதும் மொச்சை, ராஜ்மா போன்ற பெரிய பயறுகளை இரண்டு கிண்ணத்தில் பிரிக்கச் சொல்லலாம். மேஜை மேல் வைத்து, தம்பி தூங்கும் நேரத்தில், நீங்கள் கூடவே இருந்து. மூக்கிலும் காதிலும் பயறு போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தனியாக விட வேண்டாம். குன்றிமணி மட்டும் எந்த வயதிலும் வேண்டாம். சிவப்பும் கறுப்புமாக ஆசையைக் கிளப்பும். மென்று விழுங்கிவிட்டால் உயிரைப் பறிக்கும் விஷம் அதற்குள் இருக்கிறது. பல்லாங்குழிப் பெட்டியில் பழைய குன்றிமணி கிடந்தால் எடுத்து எறிந்துவிட்டுச் சோழி போடுங்கள், அதுவும் தம்பி வளர்ந்த பிறகு.

நிறம், பூச்சு விஷயத்தில் நான் கறார். பழைய பெயிண்டிலும் மலிவான பெயிண்டிலும் ஈயம் இருக்கலாம். ஈயத்தில் குழந்தைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. பளபளக்கும் மஞ்சள், சிவப்புப் பூச்சு உரிந்து வந்தால் வாயில் வைக்கும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பூசாத மரத்துக்கு முன்னுரிமை. பாகன் அரக்குப் பாத்திரங்கள் எனக்கும் உயிர், ஆனால் சிவப்பு அரக்குக்கு மரபாகச் சேர்க்கும் சாதிலிங்கம் பாதரசச் சேர்மம். அலமாரியில் அழகாக இருக்கட்டும், கடிக்கும் குழந்தையிடம் வேண்டாம்.

ஷ்வேடகோன் பகோடாவின் படிக்கட்டுக் கடைகளில் விற்கும் பிட்டைங்டவுங் பொம்மையும் அப்படித்தான். தள்ளிவிட்டால் தானே எழுந்து நிற்கும் அந்தக் காகிதக்கூழ் பொம்மை, காரணம் விளைவு கற்றுக்கொடுக்க அருமையானது. எச்சில் பட்டால் கூழ் ஊறும், வண்ணம் கரையும். மகளுக்கு இப்போதே வாங்கிக் கொடுங்கள், வாயில் வைக்கும் வயது அவளுக்குக் கடந்துவிட்டதென்றால். மகனுக்கு நீங்கள் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தட்டிக் காட்டுங்கள்.

பட்டன் பேட்டரி உள்ள எதுவும் வீட்டில் இருந்தால் அதன் மூடி திருகாணி போட்டதா என்று இன்றே பாருங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயை எரித்துவிடும். அப்படி நடந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சின்னக் காந்த உருண்டைகளும், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகளும் இந்த வீட்டுக்குள் வரவே கூடாது.

பாடும், பேசும் பொம்மைகளைப் பற்றி. அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஒரு ஆய்வில், 10 முதல் 16 மாதக் குழந்தைகள் பெற்றோரோடு விளையாடுவதைப் பதிவு செய்தார்கள். மின்னணுப் பொம்மை கையில் இருந்தபோது பெற்றோர் பேசியது குறைந்தது, குழந்தை சத்தம் எழுப்பியதும் குறைந்தது. புத்தகம் இருந்தபோது பேச்சு அதிகம். எனக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டுக்குள்தான் கிடைக்கிறது. வாசலைத் தாண்டினால் பர்மியம், கார்ட்டூனில் ஆங்கிலம். பொம்மை பேச ஆரம்பித்தால் குறைவது உங்கள் தமிழ். எவர்சில்வர் தம்ளரை நீட்டும்போது 'தம்ளர், குளிர்ச்சியா இருக்கு' என்று நீங்கள் சொல்வதை எந்த பேட்டரியும் சொல்லாது. எழுத்து அறிமுகத்துக்கும் அவசரம் வேண்டாம். மூன்று வயதுக்கு மேல், உப்புத்தாளில் வெட்டிய 'அ', 'ப', 'ட' எழுத்துகளை விரலால் தடவச் செய்யலாம், நீங்களே வெட்டி அட்டையில் ஒட்டிவிடலாம். பெயரைச் சொல்லிக்கொண்டே அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கும் நம் வழக்கமும் இதே வேலையைச் செய்கிறது.

எத்தனை பொம்மை வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2018-இல் வெளியான ஒரு ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையுள்ள பிள்ளைகளை நான்கு பொம்மைகளோடும் பதினாறு பொம்மைகளோடும் விட்டுப் பார்த்தார்கள். நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் நீண்ட நேரம், வித விதமாக விளையாடினார்கள். அதனால் இடுப்பளவுகூட இல்லாத ஒரு தாழ்ந்த அலமாரி, அதில் ஆறேழு பொருள், ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு. மீதியை மேலே எடுத்து வைத்து, கவனிக்காமல் விட்டதை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டி வைத்தால் பிள்ளைக்குத் தேடுவதிலேயே நேரம் போகும். அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்குங்கள். பிள்ளைகள் அதைப் பிடித்து ஏறுவார்கள். அதோடு 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்த நாட்டில் அதற்குத் தனிக் காரணம் சொல்லத் தேவையில்லை.

மழைக்காலத்தில் மரமும் பிரம்பும் பூஞ்சை பிடிக்கும். துணியால் துடைத்து, வெயில் தலைகாட்டும்போதெல்லாம் காய வையுங்கள். தண்ணீரில் ஊற வைக்க வேண்டாம். துணிப் பொம்மைகளைத் துவைத்து நன்றாக உலர்ந்த பிறகே கொடுங்கள்.

கடைசியாக, இரண்டு பிள்ளைகளும் ஒரே அறையில் என்பதால் ஒரு ஏற்பாடு. மகளின் சின்னச் சாமான்கள் எல்லாம் மேஜை மேல், அவள் வேலையும் மேஜையில். மகனின் உலகம் தரையில், பாய் மேல். அவள் பாய்க்கு வரும்போது சின்னவனுக்கு ஏற்ற பொருளை மட்டும் எடுத்து வரலாம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். 'தம்பி பாயில என்ன வைக்கலாம்?' என்று அவளையே கேளுங்கள். அட்டைக் குழாயை அவள் கையிலேயே கொடுத்து, நுழைகிறதா என்று அவளே போட்டுப் பார்க்கட்டும்.